வரியும் வரம்பும்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் முதல் நாளன்று தலைநகரில் ஒரு காட்சியைக் காண்கிறோம். முற்பகல் பதினொரு மணிக்கு மக்களவையில் நிதிநிலை அறிக்கை படிக்கப்படுகிறது. அலுவலகத்தில் இருப்போர் கோப்புகளை ஒதுக்கி வைக்கின்றனர். வீட்டில் இருப்போர் தொலைக்காட்சியின் முன் அமர்கின்றனர். முன்னாளில் பிப்ரவரியின் கடைசி நாளில் மாலை ஐந்து மணிக்குப் படிக்கப்பட்ட அறிக்கை இது. 1999-இல் முற்பகலுக்கும், 2017-இல் திங்களின் முதல் நாளுக்கும் மாறியது. நாளும் நேரமும் மாறினவே தவிர, கேட்போர் உள்ளத்தில் எழும் கேள்வி மாறவில்லை. 'நமக்கு என்ன குறைந்தது? நமக்கு என்ன கூடியது?' என்பதே அக்கேள்வி. எவ்வளவு பெறுவது நேர்மை, எதற்குச் செலவிடுவது அறம் என்று கேட்போர் மிகச் சிலரே.

குடிமகனின் பையில் அரசின் கை எவ்வளவு தூரம் நுழையலாம்? நுழைந்து எடுத்ததை அரசு எவ்வாறு செலவிட வேண்டும்? பொருளியல் அறிஞர்கள் இவற்றுக்கு எண்களால் விடை கூறுவர். எண்களுக்கு அடியில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வியை எழுப்பும் தகுதி நமக்கு உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்ற கோடையில் வீட்டிற்கு இரண்டு மின்விசிறிகள் வாங்கச் சென்றோம். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு, "பக்கா பில் வேண்டுமா, கச்சா பில் போதுமா?" என்று இயல்பாகக் கேட்டார். தில்லியில் வாழும் நம்மவர்க்கு இச்சொற்களை விளக்க வேண்டியதில்லை. முன்னது வரியுடன் கூடிய முறையான சீட்டு. பின்னது வெறுந்தாளில் கிறுக்கித் தரும் குறிப்பு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேறுபாடு. ஒரு கணம் தயங்கினோம். பின்பு கச்சா பில்லுடன் வீடு திரும்பினோம். வழியில், தோண்டிப் போட்டு மூடாமல் விட்ட சாலையில் ஆட்டோ குலுங்கியபோது, 'இவ்வளவு வரி வாங்கியும் ஒரு சாலையைச் சரியாகப் போடத் தெரியவில்லையே' என்று அரசாங்கத்தை நொந்துகொண்டோம். ஆட்டோக்காரரும் ஆமென்று தலையசைத்தார். வீட்டு வாயிலில் இறங்கிப் பணம் எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது அந்த வெறுந்தாள் கையில் தட்டுப்பட்டது. நாணினோம். இக்கட்டுரை அந்த நாணத்திலிருந்து பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

உழைப்பும் உடைமையும்

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் மெய்யியல் பேராசிரியர்களாக விளங்கிய இருவர் இக்கேள்விக்கு எதிரெதிரான விடைகளைத் தந்தனர். ஜான் ரால்ஸ் என்பார் 1971-இல் வெளியிட்ட நூலில் நீதிக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆயின் அது அடித்தட்டில் இருப்போர்க்கும் நன்மை தருவதாக இருந்தாலன்றி நேர்மை ஆகாது என்பது அவர் கொள்கை. ஒருவனுடைய அறிவும் திறமையும்கூட அவன் தானே தேடிக்கொண்டவை அல்ல, பிறப்பும் சூழலும் தந்தவை என்றார் அவர். மூன்றாண்டுகள் கழித்து, 1974-இல், ராபர்ட் நோசிக் அதை மறுத்து எழுதினார். ஒருவன் உழைத்து ஈட்டியதிலிருந்து வரி பெறுவது, அத்தனை மணி நேரம் அவனைப் பிறர்க்காகக் கட்டாய வேலை செய்ய வைப்பதற்கு ஒப்பாகும் என்றார். காவலும் நீதியும் ஒப்பந்தங்களுக்குப் பாதுகாப்பும் தருவதோடு அரசு நின்றுவிட வேண்டும் என்பது அவர் முடிபு.

இவ்விருவருள் யார் பக்கம் நிற்பது? நம் வாழ்க்கையையே உரைகல்லாகக் கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன் கையில் ஒரு தகரப் பெட்டியும் சில சான்றிதழ்களும் கொண்டு நம்மவர் பலர் இந்நகரில் வந்து இறங்கினர். தம் உழைப்பால் உயர்ந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சான்றிதழ்களுக்குப் பின்னால் ஓர் ஊராட்சிப் பள்ளி இருந்தது. கட்டணமின்றிப் பாடம் சொன்ன ஆசிரியர் இருந்தார். அவருக்குச் சம்பளம் தந்த ஒரு கருவூலம் இருந்தது. அக்கருவூலத்தை நிரப்பியவர்களுள் அப்பள்ளியின் வாசலையே மிதித்திராத உழவரும் கூலித் தொழிலாளரும் இருந்தனர். ஆதலின் 'நான் ஈட்டியது முழுவதும் எனதே' என்று சொல்லும் துணிவு நமக்கு வருவதில்லை. நம் ஈட்டத்தில் ஊராரின் பங்கு ஒன்று தொடக்கத்திலேயே கலந்துவிட்டது.

அதனால் நோசிக் சொன்னதைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதுவும் இயலாது. மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை வெறும் பணம் அன்று. விடியலில் எழுந்து, நெரிசலில் பயணம் செய்து, மேலதிகாரியின் கடுஞ்சொல்லைப் பொறுத்து, குழந்தைகள் உறங்கிய பின் வீடு திரும்பிய நாட்கள் அதில் அடங்கியுள்ளன. அந்நாட்கள் மீண்டு வாரா. பிறருடைய வாழ்நாளின் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குகிறோம் என்ற அச்சம் வரி வாங்கும் கைக்கு இருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து நோக்கினால் ஒரு தெளிவு பிறக்கிறது. ஈட்டத்தில் சமுதாயத்தின் பங்கு இருப்பதால் வரி கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. அது மனிதனின் வாழ்நாளிலிருந்து எடுக்கப்படுவதால் அவ்வுரிமைக்கு வரம்பும் உண்டு. அவ்வரம்பு எங்கே இருக்கிறது என்பதே இனி நாம் காண வேண்டியது.

மேல் வரம்பு

சுதந்திர இந்தியாவின் வரலாற்றில் இவ்வரம்பு சோதித்துப் பார்க்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1973-74-ஆம் ஆண்டில் தனிமனித வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியையும் சேர்த்து, நூற்றுக்கு 97.75 ஆக இருந்தது. அஃதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டிய ஒருவர், அதற்கு மேல் பெறும் ஒவ்வொரு ரூபாயிலும் இரண்டே கால் காசை மட்டும் தமக்கென வைத்துக்கொள்ளலாம். இதன்மேல் செல்வ வரியும் உண்டு. இரண்டையும் கூட்டினால், மிகப் பெருஞ்செல்வர் சிலர் ஈட்டியதற்கும் மேலாகச் செலுத்த வேண்டிய நிலையும் ஏட்டளவில் இருந்தது.

இவ்விகிதத்தை வகுத்தவர்களைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வறுமை மலிந்த நாட்டில் ஒரு சிலரிடம் செல்வம் குவிவது கூடாது என்ற நன்னோக்கமே அவர்களை உந்தியது. நோக்கம் நன்று, ஆனால் விளைவு வேறாயிற்று. முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையில் அமைந்த குழு 1971-இன் இறுதியில் தந்த அறிக்கை, வரி ஏய்ப்புக்கும் கறுப்புப் பணத்துக்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்று மிகையான வரி விகிதமே என்று கூறி, அதனை 75-க்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. 1974-இல் விகிதம் 77 ஆயிற்று. 1976-இல் நிதியமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அதனை 66 ஆக்கினார். 1985-இல் வி.பி. சிங் 50 ஆகவும், 1997-இல் ப. சிதம்பரம் 30 ஆகவும் குறைத்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து பொருளியலார் பெறும் பாடம் வருவாய் பற்றியது. நாம் பெறும் பாடம் ஒழுக்கம் பற்றியது. வரி மிகையானபோது அதிலிருந்து தப்பியவர் யார்? கணக்கைத் திரிக்கத் தெரிந்தவரும், திரித்துத் தர ஆள் வைத்துக்கொள்ள வசதி உள்ளவரும் தப்பினர். உண்மையை எழுதியவர் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கினார். நேர்மையாளனை ஊரார் ஏளனம் செய்யும் நிலையை ஒரு சட்டம் உண்டாக்கிவிட்டால், அச்சட்டம் கருவூலத்திற்குக் கொண்டுவரும் பொருளைக் காட்டிலும் நாட்டுக்கு இழைக்கும் கேடு பெரிது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையை நம்மவர் யாவரும் அறிவர். புறநானூற்றில் உள்ள அதனை ஈண்டுத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. விளைநிலத்துள் தானே புகுந்த யானையை அப்புலவர் உவமையாக்கியதன் உட்பொருள் ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். வரியால் வரும் கேடு, அரசு எடுத்துக்கொண்டதோடு முடிவதில்லை. எடுக்கும் முறையால் அழிவதையும் சேர்த்தே அதனை அளக்க வேண்டும். அன்று அழிந்தது பயிர்; நம் காலத்தில் அழிந்தது வாய்மை.

ஆகவே மேல் வரம்பை இவ்வாறு வகுக்கலாம்: நேர்மையான ஒருவர் உண்மையை எழுதி, உரியதைச் செலுத்தி, அதன் பின்னும் மனம் தளராமல் உழைக்கத்தக்கதாக வரி இருத்தல் வேண்டும்.

இங்கே மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நடுநிலை ஆகாது. 1953-இல் வந்த இறப்பு வரி 1985-இல் நீக்கப்பட்டது. 1957-இல் வந்த செல்வ வரி 2015-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையால் முடிவுக்கு வந்தது. தண்டும் முயற்சிக்கு ஏற்ற வருவாய் வரவில்லை என்பதே இரண்டுக்கும் காட்டப்பட்ட காரணம். செல்வ வரிக்கு ஈடாகப் பெருவருமானம் உடையோர்மேல் கூடுதல் வரி உயர்த்தப்பட்டதும் உண்மையே. ஆயினும் உழைத்து ஈட்டுவோன் ஒவ்வொரு மாதமும் வரி செலுத்த, உழையாமல் மரபுரிமையாகப் பெறுவோன் பெற்றபொழுது எதுவும் செலுத்த வேண்டாத நிலை அறத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி இன்னும் விடை பெறாமலே நிற்கிறது. தண்டுவது கடினம் என்பது நிருவாகத்தின் விடை. நீதியின் விடை ஆகாது.

கீழ் வரம்பு

மேலே ஒரு வரம்பு இருப்பது போலக் கீழேயும் ஒன்று உண்டு. 1930-இல் காந்தியடிகள் தண்டியை நோக்கி நடந்தார்; அதே ஆண்டு இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கித் தொண்டர்களுடன் நடந்தார். அந்நிய ஆட்சி விதித்த வரிகள் பல இருக்க, உப்பு வரியை எதற்காகத் தேர்ந்தெடுத்தனர்? தொகையளவில் அதனினும் பெரிய வரிகள் இருந்தன. ஆனால் உப்பில்லாமல் எவரும் உண்ண முடியாது. செல்வரும் வறியரும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பை உண்கின்றனர். ஆகவே அவ்வரியின் சுமை வறியவர்மேல் பன்மடங்காக விழுந்தது. உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத ஒன்றிலிருந்து அரசு பங்கு கேட்பது முறையன்று என்ற அறக்கொள்கையை அந்நடைப்பயணங்கள் நாட்டுக்கு உணர்த்தின. 1947-இல் அவ்வரி ஒழிந்தது.

உப்பு வரி ஒழிந்ததே அன்றி அக்கேள்வி ஒழியவில்லை. 'நாட்டில் மிகச் சிலரே வரி செலுத்துகிறோம். மற்றவர் அனைவரும் நம் பணத்தில் வாழ்கின்றனர்' என்று மாதச் சம்பளம் பெறும் நண்பர்கள் பேசக் கேட்கிறோம். 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை, புதிய முறையைத் தேர்ந்தெடுத்தோர்க்கு, மூலதன ஆதாயம் போன்றவை நீங்கலாக, ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று ஆக்கிய பின் இப்பேச்சு இன்னும் வலுத்தது. ஆனால் இது பிழையான கணக்கு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாள் வருமான வரி செலுத்துவதில்லை. எனினும் அவர் வாங்கும் சோப்பில் வரி இருக்கிறது, செருப்பில் இருக்கிறது, பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டில் இருக்கிறது, காய்கறியை ஏற்றிவரும் லாரியின் டீசலில் மத்திய, மாநில அரசுகள் இரண்டின் வரியும் இருக்கிறது. 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரி நம்மையும் அவரையும் ஒரே விகிதத்தில் கேட்கிறது. வருமானத்தில் பெரும்பகுதியைப் பொருள் வாங்கியே தீர்க்க வேண்டியவர் அவர். எஞ்சியதைச் சேமிப்பவர் நாம். சுமை யாருக்கு மிகுதி என்பது வெளிப்படை.

2025 செப்டம்பரில் அன்றாடப் பொருள்கள் பலவற்றின்மேல் அவ்வரி குறைக்கப்பட்டது. சோப்பின்மேல் இருந்த நூற்றுக்குப் பதினெட்டு, ஐந்தாயிற்று. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அரசின் கண் இந்த இடத்திலிருந்து விலகவே கூடாது. வயிற்றுக்கும் மானத்துக்கும் வேண்டியதைத் தொடாமல், அதற்கு மேற்பட்டதில் பங்கு கேட்பதே நேர்மையின் கீழ் வரம்பு.

இக்கீழ் வரம்பைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சென்னை மாகாண வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1937-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடையிலிருந்து வந்த வருவாய், கூலிக்காரனின் குடும்பம் அழிந்ததால் வந்த வருவாய். அது வேண்டா என்பது அவர் துணிபு. ஆனால் கருவூலத்தில் விழுந்த பள்ளத்தை எதனால் நிரப்புவது? 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வணிகர் கொதித்தெழுந்தனர். குடிப்பவனிடம் பெற்றதை விட்டு எல்லாரிடமும் பெறுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. அவர் செய்தது சரியா, தவறா என்று ஈண்டுத் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் வருவாயின் அளவை மட்டும் பாராமல் அது வந்த வழியையும் பார்த்த ஓர் ஆட்சியாளரை அங்கே காண்கிறோம். மதுவின்மேல் உள்ள வரி, சரக்கு, சேவை வரிக்குள் அடங்காமல் மாநிலங்களின் கையிலேயே இருப்பதும், அதனை விட்டுக்கொடுக்க அவை மனம் கொள்ளாததும் அக்கேள்வியின் கூர்மையை இன்றும் குறைக்கவில்லை.

செலவின் அறம்

பெறுவதில் வரம்பு கண்டோம். செலவிடுவதில் வரம்பு காண்பது அதனினும் அரிது. பொதுநலச் செலவு எது, வீண் செலவு எது என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடலாம் என்று எண்ணுவோர், பள்ளி மதிய உணவின் கதையை நினைவுகூர வேண்டும். 1950-களில் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் விரிந்தபோது பணத்துக்கு எங்கே போவது என்று தயங்கியோர் இருந்தனர். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோது, கருவூலம் தாங்காது என்றும், வாக்குக்காகச் செய்வது என்றும் பலர் பேசினர். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு காலத்தில் வீண் என்று எண்ணப்பட்டது மற்றொரு காலத்தில் குழந்தையின் உரிமை ஆயிற்று. ஆதலின் 'இலவசம்' என்ற ஒரு சொல்லைக் கொண்டு எதனையும் பழிப்பது பொருந்தாது.

அதற்காகக் கொடுப்பதெல்லாம் அறம் என்றும் ஆகிவிடாது. ஒரு செலவை நோக்கி மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பெறுபவர் நாளை தம் காலில் நிற்க இது துணை செய்யுமா? தனி ஒருவர் தம் பணத்தால் செய்துகொள்ள இயலாத ஒன்றை இது எல்லார்க்கும் தருகிறதா? இதன் சுமையைச் சுமக்கப் போகிறவர் யார்? பள்ளி உணவு முதற்கேள்விக்கு ஆம் என்று விடை தருகிறது. குளமும் சாலையும் தடுப்பூசியும் இரண்டாவதற்கு விடை தருகின்றன. தேர்தலுக்கு முன் அவசரமாக அறிவிக்கப்படும் பல கொடைகள் இவ்விரண்டின் முன்னும் வாய்மூடி நிற்கின்றன.

மூன்றாவது கேள்வியே கடுமையானது. வரியால் திரட்டாமல் கடனால் செலவிடும் அரசு, வரியை ஒழித்துவிடவில்லை, ஒத்தி வைத்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் மத்திய அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, முன்பு வாங்கிய கடனுக்கு வட்டியாகவே செல்கிறது. 2003-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இக்கவலையினாலேயே. அணை கட்டவும் இருப்புப்பாதை போடவும் கடன் வாங்கினால், கடனோடு அணையையும் பாதையையும் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கினால் கடனை மட்டுமே விட்டுச் செல்கிறோம். வாக்குரிமை இல்லாத, இன்னும் பிறவாத ஒருவர்மேல் அவர் இசைவின்றி விதிக்கும் வரி அது.

கணக்கின் அறம்

இவ்வளவும் சொன்ன பின்னும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. விகிதம் சரியாக இருக்கலாம். நோக்கமும் நன்றாக இருக்கலாம். ஆயினும் பொருள் உரியவரைச் சேராமல் போகலாம். அரசு செலவிடும் ஒரு ரூபாயில் பதினைந்து காசே மக்களைச் சென்றடைகிறது என்று பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே 1985-இல் வருந்திக் கூறினார். அரசியல் சட்டம், சட்டத்தின் இசைவின்றி வரி தண்டுவதை 265-ஆம் பிரிவால் தடுத்தது. செலவைத் தணிக்கை செய்யத் தலைமைக் கணக்குத் தணிக்கையரை நிறுவியது. நம் சங்கத்து மூத்த உறுப்பினர் பலர் அத்துறையிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். அதன் அருமையை அவர்கள் அறிவர். ஆனால் தணிக்கை அறிக்கை அவையில் வைக்கப்படும் நாளில் பணம் செலவாகி ஆண்டுகள் சில ஆகியிருக்கும். ஊரில் தூர் வாரப்படாத குளத்தை அந்த அறிக்கை தூர் வாருவதில்லை.

இந்நிலையில் இரண்டு இடங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. ஒன்று உத்தரமேரூர். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலைப் பற்றிக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்றெல்லாம் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. அவ்வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் தேர்தலில் நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்று அக்கல்லில் வெட்டி வைத்தனர். பெருமை பேசும்போது குறையையும் சொல்ல வேண்டும். அது நிலமும் கல்வியும் உடைய அந்தணர் சபை. ஏர் உழுதவனுக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. கணக்குக் கேட்கும் அறம் இருந்தது. கேட்கும் உரிமை எல்லார்க்கும் இல்லை.

மற்றொன்று இராஜஸ்தானத்தில், பாலி மாவட்டத்தில் உள்ள கோட் கிரானா என்னும் சிற்றூர். 1990-இல் அம்மாநிலத்தில் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் அங்கு முதன்முதலாக மக்கள் விசாரணை மன்றம் ஒன்றைக் கூட்டியது. ஊர்ப் பணிகளுக்கான வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் நடுவில் உரக்கப் படித்தனர். கூடியிருந்தோரில் பலர் எழுத்தறியாதவர். ஆனால் கேட்டறிய அவர்களால் முடிந்தது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், முடியாத பணி முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் அவ்வியக்கத்தில் எழுந்தது. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தொடர்ந்த அறப்போராட்டமும், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அவ்வழியில் வந்தவையே. அதே ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைத் தன் விதிகளுள் ஒன்றாக்கியது.

இம்முழக்கத்தில் ஒரு சொல் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. அக்கூலித் தொழிலாளர் வருமான வரி செலுத்தியவர் அல்லர். ஆயினும் 'அரசுப் பணம்' என்று சொல்லாமல் 'எங்கள் பணம்' என்றனர். எவ்வளவு செலுத்தினோம் என்று அளந்து அதற்கேற்ப உரிமை கேட்கவில்லை. கருவூலம் பொது என்றால், அதில் பத்துக் காசு இட்டவர்க்கும் பத்து லட்சம் இட்டவர்க்கும் கணக்குக் கேட்கும் உரிமை ஒன்றே. நம் நண்பர்கள் 'வரி செலுத்துவோர்' என்று பெருமிதத்தோடு தம்மைத் தனியே பிரித்துக்கொள்ளும்போது, பங்கு நிறுவனத்தின் பங்குதாரர் போலப் பேசுகின்றனர். கோட் கிரானாவின் எழுத்தறியாத மக்கள் குடிமக்களாகப் பேசினர். உத்தரமேரூர்க் கல்லில் விடுபட்டுப் போனதை அவர்கள் ஆயிரம் ஆண்டுகள் கழித்து எழுதிச் சேர்த்தனர்.

நாம் தேடிய வரம்பு இங்கே புலனாகிறது. முப்பதா, ஐம்பதா என்ற விகிதத்தைக் காலமும் தேவையும் முடிவு செய்யட்டும். போர் வந்தால் கூடலாம். வளம் வந்தால் குறையலாம். ஆனால் எளியவரின் வயிற்றைத் தொடாமலும், நேர்மையாளரை நாணச் செய்யாமலும், பெற்றவற்றுக்கெல்லாம் கேட்டவர்க்கெல்லாம் கணக்குச் சொல்லியும் பெறும் வரியே நேர்மையான வரி. கணக்குச் சொல்ல மறுக்கும் அரசு நூற்றுக்கு ஒன்று பெற்றாலும் அது மிகை. கணக்கைத் திறந்து வைக்கும் அரசு அதனினும் பன்மடங்கு கேட்டாலும், கொடுப்பவர்க்கு மனக்குறை இராது.

கணக்கு என்பது ஒரு பக்கத்து ஏடும் அன்று. செலவிடுபவர் எழுத வேண்டிய பக்கம் ஒன்றாயின், செலுத்துபவர் எழுத வேண்டிய பக்கம் மற்றொன்று. நம் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவர் பக்கத்தைக் காட்டச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? மின்விசிறிக்கு நாம் வாங்கிய வெறுந்தாள், அத்தகைய கிழித்த பக்கமே ஆகும். அதில் மறைந்த ஆயிரம் ரூபாய், நாம் கண்ட குழியை மூடப் போதாதுதான். ஆனால் அக்கடையில் அன்று எத்தனை பேர் அதே கேள்விக்கு அதே விடையைத் தந்திருப்பர்!

அடுத்த வாரம் அக்கடைக்கு மீண்டும் சென்றோம். எஞ்சிய தொகையைச் செலுத்தி, முறையான சீட்டு எழுதித் தரும்படி கேட்டோம். கடைக்காரர் முதலில் ஐயத்துடன் நோக்கினார். ஏதேனும் துறையைச் சேர்ந்தவரோ என்று அஞ்சினார் போலும். அல்லர் என்று தெரிந்ததும் சிரித்தார். "பழுதானால் மாற்றிக்கொள்வதற்காகவா?" என்றார். ஆம் என்று சொல்லிவிட்டு வந்தோம். முழு விடையை அவரிடம் விளக்க நமக்குக் கூச்சமாக இருந்தது. அதை இம்மலரின் பக்கங்களில் அன்பர்கள் முன் வைத்துவிட்டோம். அரசிடம் கணக்குக் கேட்கும் உரிமையை நாம் யாவரும் பெற்றுள்ளோம். கேட்கும் தகுதியையும் பெற்றவர்களாக விளங்குவோமாக.